எல்ஈடி எரிகிறது, பாட்டு வரவில்லை

கேள்வி: ஐயா, நான் ஐடிஐ இரண்டாம் ஆண்டு மாணவன். 4558 ஐசி போட்டு ஸ்டீரியோ பிரீ-ஆம்ப் (ஆம்ப்ளிபயருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் போர்டு) ஒன்றை நானே துளை போட்ட டாட் போர்டில் கட்டினேன். 12-0-12 டிரான்ஸ்பார்மர், பிளஸ் 12 தரும் 7812, மைனஸ் 12 தரும் 7912 ரெகுலேட்டர் எல்லாம் புதுசு. வால்யூம் கண்ட்ரோல் மட்டும் தாத்தாவின் பழைய டேப் ரெக்கார்டரில் கழற்றியது. சுவிட்ச் போட்டால் எல்ஈடி பளிச்சென்று எரிகிறது. ஆனால் 4440 ஐசி போட்ட ஆம்ப்ளிபயரில் மாட்டினால் இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. சாக்கெட்டில் ஐசியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். ஒரு ரெகுலேட்டர் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. அது இருக்கட்டும், சத்தம் வர என்ன செய்ய வேண்டும்? மூன்று வாரமாக இதே நினைப்பு.
— மாணவர், தேவிபட்டினம்

பதில்: தம்பி, "அது இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் உங்கள் பாட்டு நின்றுபோயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

4558 ஐசி ஒன்றுக்குத் தேவைப்படும் கரண்ட் சில மில்லி ஆம்பியர்தான். எல்ஈடிக்கு இன்னும் ஒரு பத்து. இவ்வளவுக்கு எந்த ரெகுலேட்டரும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. ஹீட்சிங்க்கே வேண்டாம். அப்படியிருக்க ஒன்று மட்டும் சுடுகிறது என்றால், போகக் கூடாத வழியில் கரண்ட் போகிறது. எது சுடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. 7912 என்றே என் மனம் சொல்கிறது.

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கால்கள்தான் வேறு. எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்க, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். 7812-க்கு இடது கால் இன்புட், நடுக்கால் கிரவுண்டு, வலது கால் அவுட்புட். 7912-க்கு இடது கால் கிரவுண்டு, நடுக்கால் இன்புட், வலது கால் அவுட்புட். 7812-ஐக் கட்டிய அதே கையோடு 7912-ஐயும் அதே மாதிரி பற்றவைத்தால், கிரவுண்டு இருக்க வேண்டிய காலில் மைனஸ் 17 வோல்ட்டும் (ரெகுலேட்டருக்கு முந்தைய வோல்ட், கணக்கு கீழே), இன்புட் காலில் கிரவுண்டும் ஏறிவிடும். உள்ளே தலைகீழாகக் கரண்ட் ஓடும், சுடும், வெளியே மைனஸ் 12 வராது. தொழில் பழகிய முதல் வருடத்தில் நானும் இதைச் செய்து இரண்டு 7912-ஐ எரித்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கால்கள் சரியாகத்தான் இருக்கின்றன என்றால் முதுகைப் பாருங்கள். 7812-இன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது. 7912-இன் முதுகு இன்புட்டோடு சேர்ந்தது, அதாவது அதில் மைனஸ் 17 இருக்கிறது. இரண்டையும் ஒரே அலுமினியத் துண்டில் முடுக்கியிருந்தால் மைனஸ் நேராகக் கிரவுண்டில் ஷார்ட். டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து சுடும். மைக்கா தாள், ஸ்குரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போட வேண்டும். உங்கள் வேலைக்கு அந்த அலுமினியமே தேவையில்லை, கழற்றிவிடுங்கள்.

அப்படியானால் எல்ஈடி ஏன் எரிகிறது? அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் 7812-இன் அவுட்புட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் கொடுப்போம். அப்படி என்றால் பிளஸ் 12 இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. மைனஸ் பக்கத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பாட்டு என்பது பூஜ்யத்துக்கு மேலேயும் கீழேயும் ஆடுகிற சிக்னல். கீழே இறங்க மைனஸ் சப்ளை இல்லாவிட்டால் ஐசியின் அவுட்புட் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், பாட்டு வெளியே வராது. நீங்கள் கழற்றிய இரண்டு ஐசியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐசி வாங்கிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அளக்காமல் மாற்றினால், பழுது அதே இடத்தில் இருக்க, காசும் மனசும்தான் போகும்.

சரி, இப்போது அளப்போம். நல்லவேளை நீங்கள் ஐசிக்கு சாக்கெட் போட்டிருக்கிறீர்கள். ஐசியைக் கழற்றிவிடுங்கள். 230 வோல்ட் வருகிற பிரைமரி ஒயர்களை முதலில் ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றி மூடிவிடுங்கள். இது கெஞ்சிக் கேட்பது. பிறகு வெறும் சாக்கெட்டோடு சுவிட்ச் போடுங்கள். மீட்டரின் கறுப்பு ஒயரை டிரான்ஸ்பார்மரின் நடு ஒயர் சேருகிற கிரவுண்டில் பிடியுங்கள். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு, பெரிய கண்டன்சரில் பிளஸ் 17, மைனஸ் 17 வாக்கில் இருக்க வேண்டும். 12 ஏசியை 1.414-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். லோடு இல்லாதபோது ஒன்றிரண்டு வோல்ட் கூடவே காட்டும், பயம் வேண்டாம். ஒன்று கவனியுங்கள்: மைனஸ் பக்கக் கண்டன்சருக்கு அதன் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அதைத் திருப்பிப் போட்டிருந்தால் அது உப்பும், சில சமயம் வெடிக்கும். முகத்தை நேராக மேலே வைத்துப் பார்க்காதீர்கள்.

பிறகு சாக்கெட்டின் 8-ஆம் காலில் பிளஸ் 12, 4-ஆம் காலில் மைனஸ் 12, இரண்டுக்கும் இடையே 24. இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐசியின் தலையில் இருக்கும் பிறை வெட்டு மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் கால் 1, அங்கிருந்து கீழே 4 வரை. வலது கீழ் கால் 5, அங்கிருந்து மேலே 8 வரை. இது மேலிருந்து பார்க்கும்போது. போர்டைத் திருப்பி ஈயம் இருக்கும் பக்கம் பார்த்தால் இடது வலது மாறிவிடும். திருப்பிய போர்டில் மேலே பார்த்த வரிசையிலேயே எண்ணிக் கம்பி இழுத்தவர்களை எனக்குத் தெரியும். ஈயப் பக்கத்தில் 1-ஆம் கால் பக்கத்திலும் 8-ஆம் கால் பக்கத்திலும் மார்க்கரால் எண் எழுதிவையுங்கள்.

7912 எரிந்திருந்தால் புதிது போடுங்கள். அதன் அவுட்புட் காலடியிலேயே, கிரவுண்டுக்கு, 10 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கண்டன்சர் ஒன்று இருக்கட்டும். அது இல்லாவிட்டால் 7912 நிலையாக நிற்காமல் ஆடும். இரண்டு சப்ளையும் சரி என்று கண்ட பிறகு சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, ஐசியைச் செருகுங்கள். இப்போது 1-ஆம் கால், 7-ஆம் கால் இரண்டிலும் டிசி ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 10 வோல்ட் என்று ஏதாவது ஒரு பக்கம் ஏறி நின்றால் அந்தச் சேனலில் பீட்பேக் ரெசிஸ்டர் (1-இலிருந்து 2-க்கும், 7-இலிருந்து 6-க்கும் திரும்பி வருவது) விட்டுப்போயிருக்கிறது, அல்லது 3-ஆம், 5-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போக வேண்டிய ரெசிஸ்டர் இல்லை. 7-ஐ அளக்கும்போது மீட்டரின் முனை வழுக்கி 8-ஐத் தொட்டுவிடக் கூடாது. இரண்டும் பக்கத்துக் கால்கள். முனையில் மெல்லிய ஸ்லீவை ஏற்றி, நுனி மட்டும் தெரியும்படி விட்டால் கை நடுங்கினாலும் கவலையில்லை.

இதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால்? ராமநாதபுரத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசான், சத்தம் வராத எந்தச் செட்டையும் ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கித்தான் பார்ப்பார். நானும் இன்றுவரை அப்படித்தான். முதலில் பிரீ-ஆம்ப்பை ஒதுக்கிவிட்டு, போனிலிருந்து பாட்டை நேராக 4440 போர்டில் கொடுங்கள். வால்யூமை அடியில் வைத்து மெல்ல ஏற்றுங்கள், அந்த போர்டு சின்ன சிக்னலுக்கே கத்தும். பாடினால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் சரி. இரைச்சல்கூட இல்லை என்று எழுதியிருப்பதால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பிரீ-ஆம்ப்பின் அவுட்புட் ஒயர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் இதே அமைதிதான் கிடைக்கும். ஆர்சிஏ பின்னில் பற்றவைக்கும்போது உள் ஒயரின் பிளாஸ்டிக் உருகி, நடுக்கம்பி சுற்றுவலையைத் தொட்டுவிடுவது நாள்தோறும் நடப்பது. மீட்டரை பஸ்ஸரில் வைத்து, நடுமுனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அந்த 4440 ஆம்ப்ளிபயரையே காதாக்கிக்கொள்ளுங்கள். நம்மில் பலர் கையில் இருக்கும் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே நிலைதான். அரை வோல்ட் பாட்டு சிக்னல் அதில் தெரியாது. அதற்குப் பதில் ஒரு ஷீல்டு ஒயரை ஆம்ப்ளிபயர் இன்புட்டில் மாட்டி, மறுமுனையின் நடுக்கம்பியில் 0.1 எம்எஃப்டி கண்டன்சர் ஒன்றைப் பற்றவையுங்கள். சுற்றுவலையைப் பிரீ-ஆம்ப்பின் கிரவுண்டில் ஒரு முதலை கிளிப்பால் கவ்வுங்கள். போனில் பாட்டு ஓடட்டும். கண்டன்சரின் மறுகாலால் இன்புட் சாக்கெட்டைத் தொடுங்கள், பாட்டு கேட்கும். கண்ட்ரோலின் மேல் காலைத் தொடுங்கள். நடுக்காலைத் தொடுங்கள். ஐசியின் 3-ஆம் கால், 1-ஆம் கால், அவுட்புட் கண்டன்சர், அவுட்புட் சாக்கெட் என்று ஒவ்வொன்றாக நகருங்கள். கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் கேட்காமல் போன இடத்துக்கும் நடுவில்தான் உங்கள் பழுது. இதை முதல் தடவை செய்து பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி. தாத்தாவின் கண்ட்ரோலையும் இப்படியே பார்த்துவிடலாம். மேல் காலில் பாட்டு இருந்து நடுக்காலில் எந்தத் திருகலுக்கும் வரவில்லை என்றால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது, அல்லது கிரவுண்டுக் காலையும் நடுக்காலையும் மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், நம் கரைக்காரர்களுக்கு மட்டும். போன வருடம் தொண்டியிலிருந்து ஒருவர் இதே மாதிரி சத்தமில்லாத பெட்டி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். சப்ளை சரி, ஐசி சரி. இன்புட் ஒயரின் மேலுறையை பிளேடால் கீறிப் பிரித்தேன். மேலே பார்க்கப் புத்தம் புதிய கறுப்பு ஒயர். உள்ளே சுற்றுவலையின் செம்பு, அடுப்புக்கரியைத் தடவியது போல் நுனியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மேல் கறுத்துப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினால் பச்சைத் தூள் உதிர்ந்தது. ஈயம் அதில் ஒட்டவே இல்லை, உருண்டு உருண்டு விழுந்தது. பின்னலான செம்பு இழைகள் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பது போல உப்பு ஈரத்தை உறைக்குள் இழுத்துக்கொண்டே போகும். ஐந்து விரல்கடை வெட்டித் தள்ளிய பிறகுதான் சிவந்த செம்பு வந்தது. உங்கள் பெட்டி புதிது. ஆனால் ஒயர் எங்கே, எத்தனை நாள் தொங்கியது? நுனியை வெட்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பற்றவையுங்கள், கறுப்பாக இருந்தால் இன்னும் வெட்டுங்கள்.

7912-ஐச் சரிசெய்ததும் 4, 8, 1, 7 ஆகிய நான்கு கால்களிலும் என்ன வோல்ட் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். பாட்டு வந்தாலும் எழுதுங்கள்.

கேள்வி: அண்ணன், என் மகன் கட்டிய பிரீ-ஆம்ப்பில் பாட்டு வருகிறது, கூடவே "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சலும் வருகிறது. தகரப் பெட்டியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது. அவன் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறான், எனக்குப் பயமாக இருக்கிறது. ஷாக் அடிக்குமா?
— வாசகி, கீழக்கரை

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது, அதை முதலில் தீர்த்துவிடுவோம். டெஸ்டரைப் பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கம் எங்கோ தகரத்தைத் தொடுகிறது. அதைச் சரிசெய்யாமல் பையன் அதைத் தொடவே கூடாது. எரியாவிட்டாலும் மூன்று முனை பிளக் போட்டு, எர்த் ஒயரைப் பெட்டியின் உடம்பில் ஸ்குரூவால் முடுக்கச் சொல்லுங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் வேறு. பெட்டியும் வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடம்பும் உள்ளே இருக்கும் சிக்னல் கிரவுண்டோடு சேராமல் தனியாக நிற்கின்றன. வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் அவற்றின் வழியாக உள்ளே ஏறுகிறது. தொடும்போது உங்கள் மகனின் உடம்பே கிரவுண்டு வேலை பார்க்கிறது. கண்ட்ரோலின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து ஒரு ஒயர் பற்றவைத்து, இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டில் சேர்க்கட்டும். பெட்டியையும் அதே ஒரே இடத்தில் சேர்க்கட்டும். நாலு இடத்தில் சேர்த்தால் இரைச்சல் கூடும். மீதம் கொஞ்சம் இருந்தால் டிரான்ஸ்பார்மரை இன்புட்டிலிருந்து தள்ளி வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு கோணத்தில் இரைச்சல் நன்றாக அடங்கும். அங்கே முடுக்கிவிடலாம். பையன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான்.

கேள்வி: மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். நானே கட்டிய பிரீ-ஆம்ப் நான்கு வருடமாக ஓடுகிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் ஒன்றும் செய்வதில்லை. வாடை தொடங்கி மழை ஈரம் வந்தால் ஒரு சேனல் போய்விடுகிறது, பெட்டியைத் தட்டினால் வருகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் பத்து நாள்தான் தாங்குகிறது.
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அண்ணாச்சி, உப்பு கச்சானிலும் படிகிறது. வெயிலில் காய்ந்து கிடப்பதால் தெரிவதில்லை. வாடையில் ஈரம் வந்ததும் அதே உப்பு நீரை இழுத்து, கால்களுக்கு நடுவே கரண்ட் கசிய வழி போட்டுவிடுகிறது. கூடவே செம்பையும் ஈயத்தையும் தின்கிறது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்க நம் மண்டபத்தில்தான் ஒரு கூடம் வைத்திருக்கிறது. வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் உங்கள் பெட்டியும் அந்தச் சோதனையில்தான் நிற்கிறது.

ஸ்பிரிட் பத்து நாள்தான் தாங்குவதற்குக் காரணம், அதில் உப்பு கரையாது. எண்ணெய்ப் பிசுக்கையும் பேஸ்ட்டையும் எடுக்கும், உப்பைத் தள்ளித் தள்ளி வைக்கும். உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டன்சரில் சார்ஜ் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு, டிரான்ஸ்பார்மரையும் கண்ட்ரோலையும் விட்டுவிட்டு போர்டை மட்டும் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டு இரண்டு பக்கமும் கழுவுங்கள். பிறகுதான் ஸ்பிரிட், தண்ணீரை விரட்ட. நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

தட்டினால் வருகிறது என்பது டிரை சால்டர் (ஈயம் சரியாகப் பிடிக்காத மூட்டு), அல்லது ஐசி சாக்கெட். மேலே தேவிபட்டினத்துத் தம்பிக்கு சாக்கெட் நல்லது என்றேன், படிக்கிற பிள்ளைக்கு அது தேவை. வேலைக்குப் போகிற பெட்டிக்கு, அதுவும் தங்கச்சிமடத்தில், நான் சாக்கெட் போடுவதில்லை. எட்டுக் காலும் வெறும் அழுத்தத்தில் நிற்கும் எட்டு மூட்டு, எட்டிலும் உப்பு புகும். ஐசியை நேராக போர்டில் பற்றவையுங்கள். பழைய மூட்டுகளில் மங்கலாக, வளையம் விட்டு நிற்பவற்றின் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வையுங்கள். மேலேயே சூடு காட்டினால் போதாது. பாத்திரம் பற்றவைக்கிற ஆசிட் பக்கமே போகாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு ஈயப் பக்கம் முழுக்க இன்சுலேட்டிங் வார்னிஷ் மெல்லிசாக ஒரு பூச்சு. இன்புட், அவுட்புட் சாக்கெட்டுகளின் மீது மட்டும் வார்னிஷ் படக் கூடாது.

கேள்வி: அண்ணே, வள்ளத்தில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சின்ன ரேடியோவில் கடல் ஓசை வானொலி (90.4 எஃப்எம்) கேட்போம், இன்ஜின் சத்தத்தில் கேட்பதில்லை. கார் ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கி, முன்னால் 4558 பிரீ-ஆம்ப் கட்டினேன். பேட்டரியில் மைனஸ் 12-க்கு எங்கே போவது? 4-ஆம் காலைக் கிரவுண்டில் கொடுத்தேன், சத்தம் இல்லை.
— வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, 4-ஆம் காலைக் கிரவுண்டில் கொடுத்தது சரி. ஆனால் பாட்டு ஆடுவதற்கு நடுவில் ஓர் இடம் வேண்டும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 10 கே ரெசிஸ்டரை வரிசையாகப் போடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் 6 வோல்ட் வரும். அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 எம்எஃப்டி கண்டன்சர் ஒன்று. அந்த 6 வோல்ட்டிலிருந்து 3-ஆம் காலுக்கும் 5-ஆம் காலுக்கும் தனித்தனியாக 100 கே ரெசிஸ்டர். இப்போது பாட்டு 6 வோல்ட்டைச் சுற்றி ஆடும்.

ஆனால் அந்த 6 வோல்ட் வெளியே போகக் கூடாது. இன்புட்டில் 1 எம்எஃப்டி, அவுட்புட்டில் 10 எம்எஃப்டி கண்டன்சர் போடுங்கள், இரண்டிலும் பிளஸ் கால் ஐசியைப் பார்த்து. பலரும் மறப்பது மூன்றாவது ஒன்று: 2-ஆம், 6-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரையும் நேராகக் கிரவுண்டில் விடாமல் ஒரு கண்டன்சர் வழியாக விடுங்கள், 10 எம்எஃப்டி போதும், பிளஸ் கால் ரெசிஸ்டர் பக்கம். அது இல்லாவிட்டால் ஐசி அந்த 6 வோல்ட்டையே பெருக்கி, அவுட்புட் மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி பிளஸ்ஸை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். ஈரத்தில் ஒயர் உரசினால் படகில் தீ பிடிக்கும், அதற்கு முன் ஃபியூஸ் போகட்டும். இன்ஜின் ஓடும்போது "கீ" என்ற சத்தம் பாட்டோடு வந்தால், பிரீ-ஆம்ப்புக்குப் போகும் பிளஸ் ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டரும், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 1000 எம்எஃப்டி 25 வோல்ட் கண்டன்சரும் சேருங்கள். கரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி 1-ஆம், 7-ஆம் காலில் 6 வோல்ட் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினைப் போட்டு ஒரு தடவை கேளுங்கள். அதன் பிறகு வள்ளத்தில் ஏற்றலாம்.